தொட்டியில் இறங்குவதற்குள்

மனைவி குன்வோர் காரை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பியதுதான் தாமதம், சிக்ஸ்டன் மெயினை அணைத்துவிட்டு, நிலவறையில் இருந்த ஃபியூஸ் பெட்டியைத் திறந்தான்.

நிலவறையில் டார்ச் வெளிச்சத்தைக் கண்டதும் பக்கத்து வீட்டு ஸ்வேயா அதன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். அடுத்த வீட்டுச் சங்கதி தெரியாவிட்டால் அவளுக்குக் காபி இறங்காது.

"என்ன சிக்ஸ்டன், திருட்டு முழி முழிக்கிறே?"

திருப்புளி கை நழுவியது. "கத்தாதே! குன்வோர்கிட்ட மூச்சு விட்டுடாதே. தெரிஞ்சா என்னைத் தொலைச்சுடுவா."

"அப்படி என்ன வேலை?"

"சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். இனிமே பேச்சே கிடையாது. அஞ்சு மணிக்குக் குளிக்கத் தொட்டியில இறங்குவா. அதுக்குள்ள முடிச்சாகணும்."

ஸ்வேயா மனதுக்குள் கணக்குப் போட்டாள். அந்தத் தொட்டி ஓரத்தில், கைக்கெட்டும் தூரத்தில், எர்த் இல்லாத பழைய ரூம் ஹீட்டர் ஒன்று உண்டு. குன்வோர் பெயரைக் கேட்டாலே ஊர் நடுங்கும். கட்டியவன் பாவம், எத்தனை நாள்தான் பொறுப்பான்!

ஐந்து மணி. வியாழக்கிழமை வழக்கப்படி அடுப்பில் பட்டாணி சூப், தொட்டியில் குன்வோர். திடீரென்று ஓர் அலறல். வீடே இருண்டது.

"கொலை! ஓடி வாங்க!" ஸ்வேயா போலீசுக்குப் போன் செய்தாள்.

போலீஸ்காரர் வந்து தட்டியதும், துண்டைச் சுற்றிக்கொண்டு ஈரம் சொட்டச் சொட்டக் கதவைத் திறந்தவள் குன்வோர்!

"நல்ல நேரத்துல வந்தீங்க. ஹீட்டர்ல கை பட்டுது, சுரீர்னுச்சு, உடனே கரண்ட் போயிடுச்சு. கீழ போய்ப் பார்த்தா, எல்லாம் இவன் வேலை! பிடிங்க இவனை!"

"உங்களைக் கொல்லப் பார்த்தாரா?"

"கொல்றதாவது! கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கிற மின்கசிவு தடுப்பானை எனக்குத் தெரியாம மாட்டியிருக்கான். லைசென்ஸ் இல்லாம!"

போலீஸ்காரர் தலையைச் சொறிந்தார். "அதனாலதானே நீங்க பிழைச்சீங்க?"

"உயிர் வேற, சட்டம் வேற."

சிக்ஸ்டனுக்குக் கண் கலங்கியது. "திட்டு, குன்வோர். திட்டுறதுக்கு நீ இருக்கியே, அது போதும்."

அவள் அதைக் காதில் வாங்காமல், வாசலோரம் மாட்டியிருந்த கைப்பையிலிருந்து நோட்டீஸ் புத்தகத்தை எடுத்தாள்.

மின்கசிவு தடுப்பான் இல்லாத வீடுகளைத் தேடிப் பிடித்து நோட்டீஸ் கொடுக்கும் அரசு ஆய்வாளராக இருபது வருடம் உழைத்ததில், அவளுக்குத் தன் வீட்டில் ஒன்று மாட்டத்தான் நேரம் கிடைத்ததில்லை.