மழைக்கு அடங்காத வகுப்பு

மழை விழுந்தால் போதும், யசோதினி டீச்சரின் நாலாம் வகுப்புக்குப் பேய் பிடித்துவிடும்.

தகரக் கூரையில் முதல் துளி விழும்போதே ஆர்த்திகா மேசையில் தட்டத் தொடங்குவாள். அடுத்த நிமிடம் வகுப்பே தட்டும். ஒருவன் பாடுவான், ஒருத்தி வாய்பாடு கத்துவாள், பின்வரிசைப் பையன்கள் தரையில் காலால் உதைப்பார்கள்.

மழை விட்டதும் ஒன்றுமே நடக்காததுபோல் கொப்பியைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

யசோதினி யாழ்ப்பாணத்துக்காரி. முதல் நியமனமே ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம். அதட்டிப் பார்த்தாள். கெஞ்சிப் பார்த்தாள். அடங்கி இருப்பவர்களுக்கு நட்சத்திர ஸ்டிக்கர் என்றாள். ஆர்த்திகாவை வெளியே நிறுத்தினாள். அவள் அங்கே நின்று கதவைத் தட்டினாள்.

பக்கத்து வகுப்பு லீலாதேவி டீச்சர் எட்டிப் பார்த்து, "பிள்ளைங்கள அடக்கத் தெரியணும் மிஸ்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அந்தக் கூத்தில் சேராதவள் ஒருத்திதான். துவாரகா. இந்தத் தவணை புதிதாக வந்தவள். மழை வந்தால் மேசையில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வாள்.

"துவாரகாவைப் பாருங்கோ! எவ்வளவு நல்ல பிள்ளை! அவளை மாதிரி உங்களால இருக்கேலாதோ?" ஒவ்வொரு மழைக்கும் யசோதினி இதைச் சொல்லுவாள். நட்சத்திரம் எல்லாம் துவாரகாவின் கொப்பியில்தான்.

இன்று பதுளையிலிருந்து ஆசிரிய ஆலோசகர் தர்மராசா பாடம் பார்க்க வருகிறார். அவர் திருப்தி என்று சொன்னால்தான் நியமனம் உறுதியாகும். காலையிலிருந்தே மலையில் கறுப்பாக மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

"பிள்ளையள், இண்டைக்கு மட்டும் ஒரு சத்தமும் வரக்கூடாது. மழை பெய்தாலும்தான். எனக்காக. சரியோ?"

எல்லோரும் ஆர்த்திகாவைப் பார்த்தார்கள்.

"மழ வராது டீச்சர்."

"வந்தால்?"

ஆர்த்திகா வெகுநேரம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

தர்மராசா வந்து பின்வரிசை வாங்கில் அமர்ந்தார். அன்றைய பாடம் பின்னம். ஒரு ரொட்டியை வெட்டி அரை, கால் என்று யசோதினி காட்டினாள். பிள்ளைகள் போட்டி போட்டுக் கையைத் தூக்கினார்கள். அவர் தலையசைத்து ரசித்தார்.

அப்போது மழை பிடித்தது.

ஒருவரும் தட்டவில்லை. யசோதினிக்கு அழுகையே வரும்போல் இருந்தது. ஆனால் ஒருவரும் கரும்பலகையைப் பார்க்கவும் இல்லை. ஆர்த்திகா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். மழை வலுத்தது.

'டமார்' என்று ஆர்த்திகாவின் கை மேசையில் விழுந்தது. அவ்வளவுதான். வகுப்பே வெடித்தது.

தர்மராசாவின் முகம் மாறியது. யசோதினி ஆர்த்திகாவின் கையைப் பிடித்து விறாந்தைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"சரியெண்டு தலையாட்டினனி எல்லே? என்ர வேலை போகப்போகுது, தெரியுமோ உனக்கு?" அடிக்கக் கை ஓங்கிவிட்டாள்.

"அடிங்க டீச்சர். ஆனா மழ விட்டதும் அடிங்க. இப்ப நா உள்ள போகணும்."

"ஏன்? உள்ளுக்கு என்ன?"

ஆர்த்திகா குரலைத் தாழ்த்தினாள்.

"துவாரகா எங்க சித்தி மக டீச்சர். ஹல்துமுல்லப் பக்கம் இருந்தாங்க. மழைக்கு மல சரிஞ்சு லயத்து வீடெல்லாம் பொதஞ்சிருச்சு. இவள வெளிய இழுத்துட்டாங்க. தம்பிய எடுக்க முடியல."

ஓங்கிய கை தானாக இறங்கியது.

"தகரத்துல மழ விழுற சத்தம் கேட்டா அவளுக்கு மூச்சே வராது. நாங்க கத்துனா அது கேக்காது. அதான்."

"இதை ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல?"

"பழைய ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியும். வர்றவங்க எல்லாம் அவளக் கூப்புட்டு வச்சுக் கேட்டாங்க. போட்டோ புடிச்சாங்க. அப்புறம் அவ ஸ்கூலுக்கே போகல. இங்க யாருக்கும் தெரியாதுன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தோம். எங்க கிளாசுக்கு மட்டும் நா சொன்னேன். அதுவும் அவளுக்குத் தெரியாது. நாங்க சும்மா சேட்டை பண்றோம்னுதான் நெனச்சுக்கிட்டிருக்கா. யார்கிட்டயும் சொல்லிறாதீங்க டீச்சர்."

யசோதினி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். துவாரகா வழக்கம்போலத் தலை சாய்த்திருந்தாள். மேசை விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. இத்தனை நாளும் அந்த விரல்களைத் தான் பார்க்கவே இல்லை என்பது யசோதினிக்கு நெஞ்சில் குத்தியது.

தர்மராசா வெளியே வந்தார்.

"மிஸ், பாடம் நல்லாத்தான் இருந்தது. ஆனால் இது என்ன கூத்து? பிள்ளைகள் இப்பிடிக் கத்துறதுக்கு ஏதும் காரணம் இருக்கா? இருந்தால் சொல்லுங்கோ. நான் யோசிக்கிறன்."

ஆர்த்திகாவின் கை யசோதினியின் சேலையை இறுக்கிப் பிடித்தது.

"ஒரு காரணமும் இல்லை சேர். எனக்கு இவையளை அடக்கத் தெரியேல்ல."

"அப்ப நானும் அதைத்தான் எழுத வேண்டி வரும்."

"எழுதுங்கோ சேர்."

அவர் குடையை விரித்துக்கொண்டு படியிறங்கினார். மழை இன்னும் வலுத்தது.

யசோதினி ஆர்த்திகாவோடு வகுப்புக்குள் போனாள். டீச்சரைக் கண்டதும் சத்தம் தயங்கிக் குறைந்தது. அவள் கரும்பலகையில் கோடு போடும் பெரிய அடிமட்டத்தை எடுத்துத் தன் மேசையில் ஓங்கி அடித்தாள்.

"ஏழாம் வாய்பாடு! எல்லாரும் சொல்லுங்கோ! சத்தம் காணாது பிள்ளையள், காணாது... இன்னும் பலமா!"