ஏரிக்கரை வழி

காலனி ஓட்டு எப்போதும் கவுன்சிலர் திம்மராயனுக்குத்தான் விழும். அந்தத் தைரியத்தில்தான், பேரூராட்சித் தேர்தலன்று, பெங்களூரில் பிழைக்கும் காலனிக்காரர்களை அழைத்துவர அங்குள்ள ஜீவனஹள்ளிக்கே பஸ் அனுப்பியிருந்தார். பிரியாணிப் பொட்டலமும் அவர் செலவு.

மாலை ஐந்தரைக்கு, அந்த பஸ்ஸில் வந்த காலனிக்காரர் அப்பாதுரையின் போன் அடித்தது. திம்மராயன்தான்.

“எங்கப்பா இருக்கீங்க? ஆறு மணிக்குப் பூத்தை மூடிடுவாங்க.”

“அத்திப்பள்ளியில செம டிராஃபிக்குண்ணா. இப்ப ஊர் முனைக்கு வந்துட்டோம்.”

“அப்ப அஞ்சு நிமிஷம்தான். பஸ்ஸ நேரா ஸ்கூலுக்கு விடச் சொல்லு. உங்க ஓட்டு வரலன்னா நான் தோத்துடுவேன்பா.”

“பஸ் வராதுண்ணா. எல்லாரும் இறங்கி நடந்து வர்றோம்.”

“ஏன், பஞ்சரா?”

“இல்லண்ணா. ஏரிக்கரை வழியா சுத்தி வர்றோம். அதுல பஸ் போகாது.”

“யோவ், பைத்தியமா உனக்கு? அதுல வந்தா முக்கா மணி நேரம் ஆகும். ஊர்த்தெரு வழியா வாங்கய்யா.”

அப்பாதுரை திரும்பிப் பார்த்தார். கரைமேல் வந்த யாரும் அவசரப்படவில்லை. அவர் மனைவி சுனிதா உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஊர்த்தெருவுல எப்படிண்ணா வர்றது? போன மாசம் எங்கம்மா பொணத்தை ஆம்புலன்ஸ்ல கொண்டாந்தப்ப, இதே முனையில மறிச்சீங்களே. காலனிப் பொணம் தெருவுல போகக் கூடாது, ஏரிக்கரை வழியா தூக்கிட்டுப் போங்கன்னு நீங்கதானே சொன்னீங்க.”

சுனிதா நீட்டிய பொட்டலத்தை அப்பாதுரை வாங்கிக்கொண்டார்.

“அன்னிக்கு எங்கம்மாவத் தூக்கிட்டு நடந்த அதே வேகத்துலதான் இன்னிக்கும் நடக்கறோம். நீங்க பூத்துலயே இருங்கண்ணா.”