உட்காருங்க, கூப்பிடுவாங்க

விரித்த குடை மாதிரி ஒரு கம்பி வடிகட்டி. ஒரு நோயாளியின் கழுத்தில் போட்ட சின்னத் துளை வழியாக உள்ளே இறங்கி, வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாயில் காலூன்றி நின்றது. அதற்கு முன் நாலு மாதம், ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் ஜன்னலுக்கு எதிர் அலமாரியில் கிடந்து தொழில் கற்றிருந்தது.

தொடையிலிருந்து நாவல்பழம் அளவில் ஒரு ரத்தக்கட்டி உருண்டு வந்தது.

"வழி விடு. நுரையீரலுக்குப் போகணும்."

"என்ன விஷயமா?"

"போய் அடைச்சுக்கிட்டு உட்காரணும். நான் யார் தெரியுமா? ஆறு வாரமா இந்த ஆளோட காலை வீங்க வச்சவன்."

"அப்படிங்களா. உட்காருங்க, கூப்பிடுவாங்க."

கட்டி கம்பியில் சாய்ந்து உட்கார்ந்தது. பக்கத்தில் ஓடிய ரத்தம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே போனது.

மூன்றாம் நாள், சுண்டைக்காய் அளவில் இருந்துகொண்டு, "நான் யார் தெரியுமா?" என்றது.

"தெரியும். அடுத்தது நீங்கதான்."

ஏழாம் நாள் கடுகு அளவில் ஏதோ கேட்டது. காதில் விழவில்லை.

பத்தாம் நாள் வடிகட்டி மரியாதையாகக் கூப்பிட்டது.

"காலை வீங்க வச்சவர் யாருங்க? உள்ள போகலாம்."

யாரும் எழுந்திருக்கவில்லை.