பட்டாபிராமன் வாசித்த கொக்கு

"கொக்கு மீனுக்காக நிக்கலை, மது. ஏரிக்காக நிக்கறது," என்று நிதானமாகச் சொல்லிப் பட்டாபிராமன் பக்கத்தைத் திருப்பினார். அதை மடிக்கணினியில் வங்காளத்தில் தட்டிக்கொண்டிருந்த மகள் மதுவந்தியின் விரல்கள் ஒரு கணம் நின்றன. இப்படி ஒரு வரியை எழுதியவரை உலகம் எப்படிக் கவனிக்காமல் விட்டது?

கொல்கத்தாவின் கரியாஹாட் நடைபாதைக் கடையில், பழைய சமையல் புத்தகங்களுக்கு அடியில் கிடந்தது அந்தச் சித்திர நாவல். கறுப்பு மையும் ஒரே ஒரு நீலமும்தான் அதன் வண்ணங்கள். ஏரியைத் தூர்த்து எழுப்பிய ஊரில், தார்ச்சாலையின் நடுவே ஒற்றைக்காலில் நிற்கிறது ஒரு கொக்கு. சிலையென்று எண்ணி ஜனங்கள் அதற்கு மாலை போடுகிறார்கள். அதன் கண்ணுக்குள் மட்டும், யாரும் பார்க்காத தண்ணீர் அசைகிறது.

எழுத்து தமிழ், சிக்கலும் அங்கேதான். கொல்கத்தாவிலேயே பிறந்து வங்காளப் பள்ளியில் படித்த மதுவந்திக்குத் தமிழ் நாக்கில் உண்டு, கண்ணில் இல்லை. கைபேசிச் செயலியும் அந்தச் சுழித்த கையெழுத்தைப் பார்த்துக் கைவிரித்துவிட்டது.

அவளோ ஊரின் சால்ட் லேக் பகுதியில் ஒரு சிறு பதிப்பகத்தில் தற்காலிக ஊழியை. புத்தகக் கண்காட்சிக்குள் சொல்லிக்கொள்ளும்படி ஒரு நூலைக் கொண்டுவந்தால்தான் வேலை நிலைக்கும் என்று முதலாளி தீபாங்கர்தா சொல்லியிருந்தார்.

"அப்பா, நீ வாசிச்சுச் சொல்லு. நான் அப்படியே பெங்காலில போட்டுக்கறேன்."

"உங்கம்மா சென்னையிலேர்ந்து வரட்டுமே," என்றார் பட்டாபிராமன். மனைவி நாகலக்ஷ்மி, தங்கை மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள்.

"அதுவரைக்கும் தீபாங்கர்தா காத்துண்டிருக்க மாட்டார். தமிழ்ச் சங்கத்துக்கு வைஸ் பிரசிடென்ட் நீ. நீயே இப்படிச் சொன்னா நான் எங்க போறது?"

அதற்கு மறுப்பேது? பாட்டனார் காலத்திலேயே கொல்கத்தாவுக்கு வந்துவிட்ட குடும்பம்தான்; ஆயினும் பேட்டையின் பொங்கல் விழாவில் பட்டாபிராமன் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் மணிக்கணக்கில் முழங்குவார். எழுதி வைத்துக்கொண்டு பேசுவது தமிழுக்கே அவமரியாதை என்பது அவர் கட்சி.

ஆகவே கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எழுத்து அடர்ந்த பக்கங்களை ஒரே மூச்சில் முடித்தார்; எழுத்துக் குறைந்த பக்கங்களில் நெடுநேரம் தங்கினார். தமிழ் எவ்வளவு சுருக்கமான மொழி என்று மதுவந்தி வியந்துகொண்டாள்.

வங்காளப் பிரதியைப் படித்த தீபாங்கர்தா நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார். ஓவியரின் கையெழுத்தை மட்டும் ஒப்பந்தத்தில் வாங்கி வா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

ஓவியர் தமயந்தி, கரக்பூர் ரயில்வே பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது பெஹாலாவில் வாசம். வங்காளம் சரளமாகப் படிப்பார். புத்தகத்தின் பின்னட்டையில் ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரிக்கு மதுவந்தி பிரதியை அனுப்பினாள். "இதை வாசிச்சுச் சொன்னவரை நேர்ல பார்க்கணும்," என்று மட்டும் பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவரே வீடு தேடி வந்தார். அன்று காலைதான் ஊரிலிருந்து வந்து இறங்கியிருந்த நாகலக்ஷ்மி, அடுக்களையில் காப்பி கலந்துகொண்டிருந்தாள்.

தமயந்தி வங்காளப் பிரதியை மேஜைமேல் வைத்தார். "இது புத்தகத்துல இருக்கிற எழுத்து இல்லைம்மா. ஒரு வரிகூட இல்லை."

மதுவந்திக்கு வேலையும் கண்காட்சியும் ஒன்றன்பின் ஒன்றாகப் படியிறங்கிப் போவது போலிருந்தது. "என்னப்பா பண்ணி வச்சிருக்கே?"

பட்டாபிராமன் மின்விசிறியை ஆராய்ந்தார். "ஒரு சாராம்சமா சொன்னேன்."

"மேடம், சாரி. நான் வேற யாரையாவது வச்சு எல்லாத்தையும் திருத்தி..."

"திருத்திடாதே," என்றார் தமயந்தி. "நான் குடுத்தது வெறும் படந்தான். எழுத்தே கிடையாது. பள்ளிக்கூடங்களுக்கு விக்கணும்னு இதைத் தமிழ்ல போட்ட பதிப்பாளர் அவரா எழுதிச் சேர்த்துட்டார். கொக்கு குப்பைத்தொட்டிக்குக் காவல் நிக்குதாம். தினமும் காலைக் கழுவிட்டுத்தான் சாப்பிடுதாம்."

மதுவந்தி அட்டையில் இருந்த கொக்கைப் பார்த்தாள். அது எதையும் மறுக்கவில்லை.

"வாங்கின நாலு பேரும் எழுத்தைப் படிச்சிட்டு மூடி வச்சிட்டாங்க. படத்தை ஒருத்தரும் பார்க்கலை. இந்த வரிகளோடயே வரட்டும்," என்று தமயந்தி பேனாவை எடுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

பிறகு பட்டாபிராமன் பக்கம் திரும்பினார்.

"நான் மனசுல வச்சு வரைஞ்ச கதையை அப்படியே சொல்லிட்டீங்க, சார். இவ்வளவு எழுத்து கண்ணு முன்னாடி கிடக்குது. அது எதையுமே மனசுல ஏத்திக்காம, படத்தை மட்டும் பார்க்க உங்களால எப்படி முடிஞ்சுது?"

தமிழ்ச் சங்கத்தின் துணைத்தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கலை, ரசனை என்று ஏதோ தொடங்க வாயெடுத்தார்.

அதற்குள் விருந்தாளியிடம் காப்பித் தம்ளரை நீட்டியபடி, நாகலக்ஷ்மி சாதாரணமாகச் சொன்னாள்:

"இவருக்குத் தமிழ் படிக்கவே தெரியாதே."