மறைத்த ஓரம்

ஏலத்தோட்டத்து ஆட்களைச் சதுரமாகப் படமெடுக்க, போட்டோக்காரன் விஜயபாண்டி கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் இரண்டு ஓரமும் கறுப்பு டேப் ஒட்டினான். டேப் அவன் கண்ணைத்தான் மறைத்தது. படத்தில் எல்லாமே விழுந்தது. போடிக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தால், மறைத்த ஓரத்தில், எல்லாப் படத்திலும் முன்பின் தெரியாத ஒருத்தி நின்றாள். டேப்பைப் பிய்த்துவிட்டு மறுபடி போய் எடுத்தான். ஒன்றிலும் அவள் இல்லை.

அவன் பார்க்காத இடத்தில்தான் நிற்கிறாள்.

மறுநாள் குரங்கணியில் தோட்டத்து ஆள் கற்பகத்தைப் படமெடுக்க உட்காரவைத்து, வழக்கம்போல இடது கண்ணை மூடிக்கொண்டு குனிந்தான். கற்பகத்தின் சிரிப்பு நின்றது.

"அண்ணே, ஒங்க எடப்பக்கம் ஒட்டி நிக்கிற பொம்பள யாரு?"

கண்ணைத் திறந்தால் போய்விடுவாள். திறக்கப் பார்த்தான்.

மூடிய இமையை, ஏலக்காய் மணக்கும் விரலொன்று அழுத்திப் பிடித்திருந்தது.