துரை வந்தால் அணையும் மெஷின்

"மெஷினத் தண்ணிய ஊத்தித் தொடச்சியா இல்லையா? உண்மையச் சொல்லுடா!"

மேர்வின் துரை போட்ட சத்தத்தில் பங்களாவே அதிர்ந்தது. பங்களா வேலைக்காரன் இராயப்பன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

நாற்பது வருசத்துப் பின்பால் மெஷின் அது. இரும்புக் குண்டைத் தட்டித் தட்டிப் புள்ளி சேர்க்கிற விளையாட்டு. எல்கடுவத் தோட்டத்துப் பங்களாவில் வந்து தங்குகிற வெள்ளைக்காரர்களுக்காகத் துரை வாங்கிப் போட்டது. நன்றாக ஓடும், திடீரென்று செத்துப்போகும், பிறகு தானாகவே உயிர் வரும்.

மாத்தளையிலிருந்து ரிப்பேருக்கு வந்த ஸியாம் மூன்றாவது நாளாக அதைத் திறந்து போட்டுக்கொண்டு நின்றான். போர்டைத் தட்டிப் பார்த்தான், பின்களுக்குப் புது ஈயம் வைத்தான், ஒரு சிப்பையும் மாற்றினான். தனியாக இருக்கும்போது மணிக்கணக்கில் ஓடுகிற சனியன், துரை வந்து நின்றால் மட்டும் பொட்டென்று அணைந்தது.

"நீயெல்லாம் ஒரு ரிப்பேர் பாஸ்! டோர்ச்சுக்குப் பெட்டரி போடத் தெரியுமா ஒனக்கு?" என்றார் துரை. "பின்னேரம் வருவேன். அப்பவும் அணைஞ்சா நீ டவுனுக்கு, இவன் மலைக்கு."

மலை என்றால் தேயிலை மலை. பங்களா நிழலில் நிற்பவனை அட்டைக் கடிக்கு அனுப்புவதைவிடப் பெரிய தண்டனை துரைக்குத் தெரியாது. ஸியாமுக்கும் தெரியாது.

மூன்று மணிக்கு வாசலில் ஜீப் சத்தம். இராயப்பன் விழுந்தடித்து ஓடி நாற்காலியைத் துடைத்தான், ஹீட்டரைப் போட்டான், துரையின் வீட்டுச் செருப்பை எடுத்து வைத்தான். ஒரு ஆளுக்கு இத்தனை கூத்தா என்று ஸியாம் உள்ளுக்குள் காறித் துப்பினான்.

துரை உள்ளே வந்தார். மெஷின் அணைந்தது.

ஸியாமுக்குத் தன் பேர்தான் பெரிதாகப் பட்டது. "தொரை, போர்டுல ஈரம் எறங்கியிருக்கு. தொடைக்கத் தெரியாத மாட்ட வச்சுக்கிட்டா நான் என்ன செய்ய?"

"கேட்டியாடா? நாளையிலருந்து மலைக்குப் போ, மாடே!"

துரை போனதும் இராயப்பன் ஹீட்டரை நிறுத்தினான், உடுப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினான்.

சாமான்களைப் பொறுக்கும்போது ஸியாமுக்குக் குளிரில் விரல் விறைத்தது. தானே போய் ஹீட்டரைப் போட்டான். துரை போனபின் மறுபடி உயிர் வந்து எரிந்துகொண்டிருந்த மெஷின் பொட்டென்று அணைந்தது. ஹீட்டரை நிறுத்தினான், மெஷின் எரிந்தது.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு இறங்குகிற பாதையில் மூச்சிரைக்க ஓடி இராயப்பனைப் பிடித்தான். "அண்ணே, போர்டுல ஒண்ணுமில்ல! ஹீட்டர் போட்டா கரண்ட் கொறையுது, அதான் அணையுது. வாங்க, தொரைக்கிட்டச் சொல்லி ஒங்க வேலைய மீட்டுத் தாறேன்."

"சத்தம் போடாதீங்க பாஸ். அது எனக்குத் தெரியும்." இராயப்பன் சுற்றுமுற்றும் பார்த்தான். "மலையில நாலரைக்கு விட்டுருவாங்க. ஞாயித்துக்கெழம பூசைக்குப் போகலாம். இங்க எட்டு வருசமா ராவும் பகலும் அந்த ஆளு செருப்புக்குப் பின்னால. மலைக்கு அனுப்புங்கன்னு காலப் புடிச்சும் கேட்டுப் பாத்துட்டேன்."

"அதுக்காக வேணும்னேவா..."

"கேட்டா தருவானா பாஸ்? தண்டனைன்னாத்தான் தருவான்."