முடிவுக்கு முன்பே தைத்த கொடிகள்

தேர்தலில் ஆளுங்கட்சியே நான்காம் முறையாக ஜெயித்துவிட்டது. செய்தி வந்த சற்று நேரத்தில், எதிர்க்கட்சித் தொண்டனான மைத்துனன் தையல்காரரின் கடைக்குள் நுழைந்தான். மெஷினுக்குப் பக்கத்தில் வாய் கட்டிய மூட்டைகள்.

“என்ன மாமா இது?”

“கொடி, மாப்ள.”

“ரிசல்ட் இப்பதானே வந்துச்சு? அதுக்குள்ள இத்தனை கொடியா? ஆர்டர் எப்ப வந்துச்சு?”

தையல்காரர் நிமிராமல் ஊசியில் நூல் கோத்தார். “போன வாரம்.”

“அப்ப ஓட்டு எண்றதுக்கு முன்னாடியே முடிவு தெரிஞ்சிருக்கு. எங்க தலைவர் பாவம், தோப்போம்னு கனவுலகூட நினைக்கலன்னு கண்கலங்கிட்டார். தில்லுமுல்லுக்கு நீங்கதான் சாட்சி. கோர்ட்டுல வந்து சொல்லணும்.”

“என்னை விட்டுடு மாப்ள. பொழப்பு கெட்டுடும்.”

“அவனுங்களுக்கு அவ்வளவு பயப்படுறீங்களா?”

மைத்துனன் மூட்டையை அவிழ்த்துக் கவிழ்த்தான். அத்தனையும் கறுப்புக் கொடி.

“ஓட்டுல மோசடின்னு இன்னைக்குச் சாயங்காலம் ஊர்வலமாம். உங்க தலைவர்தான் போன வாரமே வந்து ஆர்டர் கொடுத்துட்டுப் போனார்,” என்றார் தையல்காரர். “நீ உள்ள வந்ததும், எடுத்துட்டுப் போக உன்னை அனுப்பியிருக்கார்னு நினைச்சேன்.”